மூளியாக நிற்கும் தெய்வங்கள்

பிப்ரவரி 3 (ஒரு வாசகரின் கேள்வி)

ஸ்பானியர் வருவதற்கு முன்பு பிலிப்பைன்ஸ் தீவுகளில் வணங்கப்பட்ட தெய்வங்களை நான்கு கோட்டிலும் இரண்டு நிறத்திலும் கணினியில் வரைந்து போடுகிறார்கள். நிலவுத் தெய்வத்துக்கு ஒரு பிறை, சூரியத் தெய்வத்துக்கு ஒரு வட்டம். பெயரை மறைத்துவிட்டால் எந்த நாட்டுச் சாமி என்று யாராலும் சொல்ல முடியாது. காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லாமல் தெய்வத்தை மூளியாக நிறுத்துவதற்குப் பெயர் மறுவாசிப்பா?

பிப்ரவரி 4

மூளி என்ற சொல் உறைத்தது. இரண்டு ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலை இதுதான் என்பதால் பதில் சொல்லாமல் போக முடியவில்லை. செயலிகளுக்குச் சின்னம் வரைவது என் தொழில். மாலையில் அதே மென்பொருளில், அதே கட்டங்களுக்குள் இந்தத் தெய்வங்களை வரைகிறேன். சிங்கப்பூரில் என்னுடன் வேலை பார்த்த, பிலிப்பைன்ஸின் பம்பாங்கா மாகாணத் தோழி ஒருவர் மதிய உணவின்போது சொன்ன ஒரு கதையில் தொடங்கியது இது.

இந்தத் தெய்வங்களின் பெயர்களை இணையத்தில் தேடினால் முதலில் வருவது என்ன? மார்புக் கவசம், இறக்கை, காற்றில் பறக்கும் கூந்தல், கணினி விளையாட்டில் சண்டைக்கு நிற்கும் வீராங்கனையின் உடம்பு. அந்தக் கவசம் எங்கிருந்து வந்தது? 1589-இல், மணிலாவைச் சுற்றி வாழும் தகாலோகு மக்களின் வழக்கங்களை எழுதிவைத்த ஸ்பானியப் பாதிரியார் ஹுவான் டி பிளாசென்சியா, அவர்களுடைய தெய்வங்களுக்கு ஒதுக்கிய இடம் பெரும்பாலும் ஆளுக்கு ஒரு வரி. தியான் மாசாலந்தா காதலர்களைக் காப்பது. லாகாபாத்தியும் இதியானாலேயும் வயலையும் உழவையும் காப்பவை. முகம் எப்படி, கையில் என்ன, எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று அவர் எழுதவில்லை. தெரியாததை நகை போட்டு மூடுவதைவிட, தெரிந்ததை மட்டும் வரைந்துவிட்டுக் கையை எடுப்பது நேர்மை. என் கட்சி அதுதான்.

பிறையைப் பற்றியும் ஒன்று. அதே பிளாசென்சியா எழுதுகிறார்: அந்த மக்கள் நிலவை, அதிலும் புதிதாகத் தோன்றும் நிலவை, கொண்டாட்டத்தோடு வரவேற்று வணங்கினார்கள். ஆகவே மெல்லிய மூன்றாம் பிறையை ஒருவர் அந்த மண்ணின் தெய்வத்துக்காக வரைந்தால் அதற்கு நியாயம் உண்டு. முழு நிலவை வரைந்திருந்தால்தான் நான் கேள்வி கேட்டிருப்பேன்.

பிப்ரவரி 4, இரவு

தோழி சொன்ன கதையை எழுதாமல் விட்டுவிட்டேன். அது இல்லாமல் இந்தப் பேச்சு நகராது.

பாட்ஹாலா என்ற பெருந்தெய்வத்துக்கு இரண்டு மக்கள். மகன் அப்போலாகி, மகள் மாயாரி. உலகத்துக்கு வெளிச்சம் அந்த இரண்டு பேருடைய கண்களிலிருந்துதான் வந்தது. தகப்பன் உயில் எதுவும் சொல்லாமல் இறந்துபோகிறார். உலகை நான் ஒருவனே ஆளுவேன் என்கிறான் அண்ணன். எனக்கும் சம உரிமை உண்டு என்கிறாள் தங்கை. மூங்கில் தடிகளை எடுத்து இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறார்கள். ஓர் அடியில் மாயாரியின் ஒரு கண் போய்விடுகிறது. அதைக் கண்டதும் அண்ணனுக்கு மனம் இளகிவிடுகிறது. இனி முறைவைத்து ஆளலாம் என்று உடன்படுகிறார்கள். பகல் அவனுடையது, இரவு அவளுடையது. நிலவின் ஒளி மங்கலாக இருப்பது ஒற்றைக் கண்ணிலிருந்து வருவதால்.

இந்தக் கதைக்குக் கவசம் எதற்கு? இழந்த ஒன்றுதான் அவளுடைய அடையாளமே. மூளி என்று சொன்னீர்களே, மாயாரி உண்மையிலேயே மூளியான தெய்வம். வரையும்போது எதைச் சேர்ப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. எதை எடுப்பது என்பதுதான் முழு வேலையும்.

பிப்ரவரி 6

ஒரு திருத்தம். மாயாரியைத் தகாலோகு நிலவுத் தெய்வம் என்று என் பழைய படங்களுக்குக் கீழே போட்டிருந்தேன். இணையப் பட்டியல்கள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் கண் போன கதை பம்பாங்காவின் கதை. அந்த மண்ணுக்குத் தனி மொழியும் தனி மரபும் உண்டு. அத்தனை தீவுகளையும் ஒரே நாட்டின் ஒரே தெய்வக் கூட்டமாகக் கட்டுவது பின்னால் வந்த பழக்கம். நடுவே விசாயத் தீவுகளின் தெய்வங்கள் வேறு, தெற்கே மிந்தனாவோவின் தெய்வங்கள் வேறு, வடக்கே மலைகளில் இருப்பவை வேறு. இனி ஒவ்வொரு படத்துக்குக் கீழும் எந்த மக்களின் தெய்வம் என்று எழுதப்போகிறேன். பழைய படங்களிலும் மாற்றிவிட்டேன்.

பிப்ரவரி 9

படம் வந்த கதையைக் கேட்டிருந்தார்கள்.

512-க்கு 512 கட்டம். நிறம் இரண்டு: ஏறக்குறைய கறுப்பாகும் கருநீலம், சோறு வடித்த கஞ்சியின் வெண்மை. இரண்டு வட்ட வில்லால் ஒரு பிறை. அதன் உள்வளைவுக்கு எதிரே, இருட்டில், மூடிய இமைபோல ஒரு மெல்லிய கோடு. மூன்று நாள் அந்தக் கோட்டின் சாய்வை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன். பெரிய திரையில் அழகாக இருந்தது. 32 பிக்ஸலுக்குச் சுருக்கினால் கோடு மறைந்துவிட்டது. தடித்த கோடு போட்டால், தூங்குகிற நிலவு. குழந்தைகளின் போர்வையில் அச்சடிப்பார்களே, அது.

தோழிக்கு அனுப்பினேன். அவருடைய பதில் ஒரே வரி: "அவள் தூங்கவில்லை, அடிபட்டிருக்கிறாள்."

அந்த வரிக்குப் பிறகு அழகான இமைக்கோட்டைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. வலியை நான் வழித்துத் துடைத்துவிட்டேன். குறைத்து வரையும் எல்லோருக்கும் வரும் ஆபத்து இது. கோடு குறையக் குறையப் படம் இனிப்பாகிக்கொண்டே போகிறது. வளைவுகள் மழமழப்பாக இருப்பதால் கதையும் மழமழப்பாகிவிடுகிறது. மூங்கில் தடியின் அடி எங்கே?

கோட்டை அழித்தேன். பிறையின் உள்விளிம்பிலேயே ஓர் இடத்தை வெட்டினேன். வட்டமான துளை இல்லை. தடி பட்டுப் பெயர்ந்த மாதிரி, ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் சிராய்ந்தும். அந்த வெட்டின் நீளம் பிறையின் தடிப்பில் பாதி. 32 பிக்ஸலிலும் தெரிகிறது.

பிப்ரவரி 11

"அந்தக் காலத்துச் சிலையை யாருமே பார்த்து எழுதவில்லையா?" என்று கேட்டவருக்கு: எழுதியிருக்கிறார்கள். அது என் வாதத்துக்கு எதிராகவே இருக்கிறது.

1521-இல் ஸ்பெயினின் கப்பல்களை நடத்திவந்த மகெல்லனோடு விசாயத்தின் செபு தீவுக்கு வந்த இத்தாலியர் அந்தோனியோ பிகஃபெட்டா அங்கிருந்த சிலைகளை வர்ணிக்கிறார். மரத்தால் ஆனவை, உள்ளே குடைந்தவை, பின்பக்கம் கிடையாது. கைகள் விரிந்திருக்கும், கால்கள் அகன்று பாதங்கள் மேல்நோக்கி மடங்கியிருக்கும். பெரிய முகம், அதில் காட்டுப்பன்றிக்கு இருப்பதுபோல நான்கு பெருங்கோரைப்பற்கள். உடம்பு முழுக்க வண்ணம் பூசியிருக்கும். இந்தச் சிலைகளை எரிக்கச் சொன்னவர் மகெல்லன்.

நான்கு கோரைப்பல், உடம்பெல்லாம் வண்ணம். அடக்கமும் அமைதியும் எங்கே? நான் இரண்டு நிறத்தில் வரைவது பழமையின் குரல் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அது என் காலத்தின் குரல், என் தொழிலின் குரல். அந்தச் சிலைகளைச் செதுக்கியவர்கள் என் மாயாரியைப் பார்த்தால், வண்ணம் பூச மறந்துவிட்டாயா என்று கேட்டிருப்பார்கள்.

ஆனாலும் அந்த வர்ணனையில் ஒன்று என்னை விடவில்லை. பின்பக்கம் கிடையாது. வணங்குகிறவர்களை நோக்கிய முகம் மட்டும். முதுகு தேவையில்லை என்று செதுக்கியவர்களே முடிவு செய்திருக்கிறார்கள். தட்டையான திரையில் வரைகிற எனக்கு இதைவிடப் பெரிய அனுமதி யார் தருவார்?

பிப்ரவரி 12

செபுவைப் பற்றிப் பேசியதால். அதே 1521-இல் மகெல்லன் செபு அரசிக்குக் குழந்தை ஏசுவின் சிலை ஒன்றைக் கொடுத்தார். 1565-இல் லெகாஸ்பியின் ஸ்பானியப் படை வந்து ஊர் எரிந்த பிறகு, ஒரு வீட்டில் பெட்டிக்குள் அது பத்திரமாகக் கிடைத்தது. நடுவில் இருந்த 44 ஆண்டுகள் அந்த மக்கள் அதைத் தங்கள் தெய்வங்களில் ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தார்கள். மழை வேண்டினால் அதைக் கடலுக்கு எடுத்துச் சென்றதாகவும் சொல்லப்படுகிறது. வெளியூர்ச் சாமியைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளும் தாராளம் அவர்களிடம் இருந்தது. மறுவாசிப்பு நம் காலத்து வேலை என்று நினைக்கிறோம்.

பிப்ரவரி 18

புலுல் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மணிலா தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தில் அதன் முன்னால் நின்றபோது பக்கத்தில் வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் நகரவில்லை.

லூசோன் தீவின் வடக்கே, மலைச்சரிவில் படிக்கட்டு வயல்கள் வெட்டிய இபுகாவோ மக்கள் நெற்களஞ்சியத்துக்குக் காவலாக வைக்கும் மர உருவம் புலுல். ஆணும் பெண்ணுமாக இணையாக வைப்பார்கள். பெரும்பாலும் நர்ரா மரம், நம் வேங்கைக்கு உறவான மரம். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, முழங்கால்மேல் கைகளைக் கட்டிய நிலை. புருவமும் மூக்கும் சேர்ந்து இரண்டே வெட்டு. கண் இருக்கும் இடத்தில் ஒரு பள்ளம். சில புலுல்களின் பீடம் உரலைப் போல இடை சிறுத்திருக்கும். நெல்லுக்குக் காவல் நிற்கும் தெய்வத்துக்கு உரலே பீடம். யோசித்துச் செதுக்கிய கை அது.

இதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு கொண்டாட்டம். குறைத்து வரைவது இந்த மண்ணிலேயே இருந்திருக்கிறது, பிகஃபெட்டாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று. அன்றிரவே அறையில் உட்கார்ந்து வரைந்தேன். ஒரு முட்டை வடிவம், அதன் கீழே இரண்டு செவ்வகம், ஒரு பீடம், இன்னும் சில, மொத்தம் ஏழே வடிவங்கள். அச்சு அசலாகப் புலுல்.

மறுநாள் மறுபடி போனேன். படத்தில் இல்லாதது என்ன என்று அப்போதுதான் கண்ணில் பட்டது. தோல். அந்த மரத்தின்மேல் கறுப்பாக, ஏடாக, அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. புலுலை நிலைநிறுத்தும் சடங்கில் பன்றி இரத்தத்தில் முழுக்காட்டுவார்கள், அரிசி மது ஊற்றுவார்கள். அறுவடைக்கு அறுவடை அது தொடரும். மேலே களஞ்சியத்தின் புகை. தோளிலும் முழங்காலிலும் கை பட்டுப் பட்டு ஒரு பளபளப்பு. செதுக்கியவர் ஏழு வெட்டில் நிறுத்திக்கொண்டது, மிச்சத்தை ஊர் செய்யும் என்பதால். வடிவம் எளிமையாக இருக்கலாம், ஏனென்றால் அதன்மேல் ஏறப்போவது அத்தனை.

என் கோப்பில் ஏறப்போவது எதுவும் இல்லை. நாளைக்கும் அதே ஏழு வடிவம், அதே நிறம். இதை எப்படித் தாண்டுவது என்று பிடிபடவில்லை.

பிப்ரவரி 19

அப்போலாகிக்கு ஏன் சூரியக் கதிர்களே போடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டுக் கதிர் போட்டால் அது 1898-ஆம் ஆண்டின் பிலிப்பைன்ஸ் கொடி ஆகிவிடும். அந்த எட்டும் ஸ்பானியருக்கு எதிராக எழுந்த எட்டு மாகாணங்கள். பத்தோ பன்னிரண்டோ போட்டாலும் பிலிப்பைன்ஸ்காரர் கண் எட்டைத்தான் தேடும். ஆகவே கதிரே இல்லாத வட்டம், கீழே தரையில் போட்ட மூங்கில் தடி. சண்டையை முடித்தவன் அவன்.

பிப்ரவரி 26

இது எதிர்பார்த்ததுதான்: "இவையெல்லாம் நம் தெய்வங்கள் போலவே இருக்கின்றனவே, இங்கிருந்து போனவையா?"

சொற்கள் போயிருக்கின்றன. விசாயத்திலும் மிந்தனாவோவிலும் தெய்வங்களுக்கும் ஆவிகளுக்கும் திவாத்தா என்று பெயர். வடமொழியின் தேவதா அது. நாம் தேவதை என்போம். பாட்ஹாலா என்பது வடமொழியின் பட்டாரா என்ற மரியாதைச் சொல்லிலிருந்து, சாவகம், மலாய் வழியாக வந்தது என்பார்கள். நம் கல்வெட்டுகளில் படாரர், படாரி என்று வருவது அதே சொல். ஆனால் லூசோனில் முன்னோர் ஆவிகளுக்கும் அவற்றின் உருவங்களுக்கும் வழங்கும் அனித்தோ என்ற சொல் முழுக்க அவர்களுடையது. மலாய் மொழியின் ஹந்து அதன் உடன்பிறப்பு. தைவானை ஒட்டிய தீவில் வாழும் தாவோ மக்களிடமும் அனித்தோ என்றே இருக்கிறது. பாய்மரம் ஏறித் தீவு தீவாகப் பரவிய ஒரு பெருங்குடும்பத்தின் சொல். பெயரில் ஒன்று கடன் வாங்கியது என்பதற்காகத் தெய்வத்தையே நம் வீட்டுச் சாமான் ஆக்கிவிடக் கூடாது. ஸ்பானியர் செய்த வேலையும் அதுதான்.

எனக்கு உண்மையில் நெருக்கமாகப் பட்டது வேறொன்று. இன்றைய பிலிப்பினோ பேச்சில் திவாத்தா என்றால் காட்டில் வாழும் அழகிய தேவதைப் பெண். தமிழிலும் தேவதை என்றதும் வெள்ளை உடுப்பும் இறக்கையும்தான் இன்றைய குழந்தைக்கு நினைவு வருகிறது. ஊர் எல்லையில் நிற்கும் துடியான தேவதை பின்னுக்குப் போய்விட்டது. ஒரே சொல், இரண்டு கரையிலும் ஒரே விதமாக இளைத்திருக்கிறது.

மார்ச் 2

எழுத்து வடிவத்தைப் படத்தில் சேர்ப்பது பற்றி.

பாய்பாயின் என்ற பழைய பிலிப்பைன்ஸ் எழுத்தில் தெய்வத்தின் பெயரை எழுதி நடுவில் வைப்பது இப்போது பரவலாக நடக்கிறது. நானும் செய்தேன். 17 எழுத்துகள்: உயிர் மூன்று, மெய் பதினான்கு. பிராமி வழி வந்ததால் ஒவ்வொரு மெய்யிலும் அகரம் தானாக ஏறியிருக்கும். மேலே ஒரு குட்லித், அதாவது சிறு கீறல், போட்டால் இகர எகரம். கீழே போட்டால் உகர ஒகரம். ஆனால் அகரத்தை நீக்கி வெறும் மெய்யாக்கும் குறி அதில் இல்லை. நம் புள்ளி செய்கிற வேலைக்கு அங்கே ஆள் இல்லை. சொல்லின் ஈற்றிலோ நடுவிலோ வெறும் மெய் வந்தால் அதை எழுதாமலே விட்டுவிடுவார்கள். படிக்கிறவர் தானாகச் சேர்த்துக்கொள்வார்.

1620-இல் பாதிரியார் பிரான்சிஸ்கோ லோப்பஸ் அதற்கு ஒரு குறியைப் புகுத்தினார். எழுத்துக்குக் கீழே ஒரு சிலுவை.

இப்போது யோசியுங்கள். ஸ்பானியருக்கு முந்தைய தெய்வம் என்று எழுதிவிட்டு, பாட்ஹாலாவின் பெயரில் உள்ள ட் என்ற மெய்க்குக் கீழே பாதிரியார் தந்த சிலுவையைப் போட்டால் அது என்ன நியாயம்? நான் அப்படித்தான் போட்டிருந்தேன், எட்டு மாதம் யார் கண்ணிலும் படவில்லை. பழைய முறைப்படி எழுதினால் அந்த மெய் விழுந்துவிடும். பா, ஹா, லா என்று மூன்றே எழுத்து. அப்படித்தான் மாற்றியிருக்கிறேன். எழுதாமல் விட்டதைப் படிக்கிறவர் நெஞ்சிலிருந்து சேர்த்துக்கொள்ளும் எழுத்து முறை! நான் இரண்டு ஆண்டாகப் படத்தில் செய்ய முயல்வதை அவர்கள் எழுத்திலேயே செய்துவைத்திருக்கிறார்கள்.

மாயாரியின் பெயரில் இந்தச் சிக்கல் இல்லை. மூன்று எழுத்து, கடைசி எழுத்தின் தலையில் ஒரே ஒரு கீறல்.

மார்ச் 9

லாகாம்பினி படத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் பெயருக்கு இன்றைய தகாலோகில் சீமாட்டி என்ற பொருள். கத்திப்பூனான் புரட்சி இயக்கத்தின் கிரகோரியா டி ஹெசூஸை லாகாம்பினி என்றே அழைத்தார்கள். அதனால் தூய்மையின் பெண் தெய்வம் என்று எழுதியிருந்த ஒரு பட்டியலை நம்பி, வெள்ளைத் துணியும் குனிந்த தலையுமாக வரைந்திருந்தேன். 1613-இல் லகூனாவின் பீலா ஊரில் அச்சான சான் புவெனவென்துராவின் தகாலோகு அகராதி இந்தத் தெய்வத்துக்குச் சொல்லும் வேலை வேறு: தொண்டையைக் காப்பது. தொண்டை நோவு வந்தால் வேண்டிக்கொள்ளும் தெய்வம்.

தொண்டைக்கு ஒரு தெய்வம்! சளியும் இருமலுமாக இராமுழுக்க விழித்திருக்கும் வீட்டில், மருந்து இல்லாத ஊரில், குழந்தையின் தொண்டை அடைத்துக்கொண்டால் கூப்பிட ஒரு பெயர் வேண்டியிருந்தது. அந்த ஒரு சொல்லில் எனக்கு முழு வீடும் தெரிகிறது. தூய்மை என்ற பெரிய சொல்லில் யாருமே தெரியவில்லை. புதிய படத்தில் இரண்டு செங்குத்துக் கோடுகள், நடுவே அவை நெருங்கி, மறுபடி விலகுகின்றன. நெருங்கும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அவ்வளவுதான்.

லாகாபாத்திக்கும் அதே அகராதியில் ஒரு வேண்டுதல் இருக்கிறது. வயலில் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொல்வது. உன் அடிமைக்குச் சோறு போடு, பசிக்க விடாதே என்று பொருள். லாகாபாத்தியை ஆணும் பெண்ணும் ஒன்றானவர் என்பார்கள். எல்லோரும் அந்த உடம்பை வரையவே பாடுபடுகிறார்கள். நான் அந்தத் தூக்கிய கைகளை வரையப்போகிறேன். கைகள் யாருடையவை என்று கேட்கத் தேவையில்லை, குழந்தை பசித்திருக்கிறது.

மார்ச் 10

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. பிப்ரவரி 4-ஆம் தேதிக் குறிப்பில் ஒரு பெரிய பிழை செய்திருக்கிறேன்.

பாதிரியார்கள் ஒரு வரிதான் எழுதினார்கள், ஆகவே நானும் நான்கு கோட்டில் நிறுத்திக்கொள்வது நேர்மை என்றேன். ஆனால் அந்த ஒரு வரி தெய்வத்தின் அளவா? எழுதியவருடைய அக்கறையின் அளவு அது. கதாலோனான் என்று தகாலோகிலும் பாபாய்லான் என்று விசாயத்திலும் அழைக்கப்பட்ட பூசாரிப் பெண்கள் இராமுழுக்கப் பாடியதைக் கேட்டவர், அதைப் பேய்வழிபாடு என்று தள்ளிவிட்டு, அகராதியில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் எழுதிவைத்தார். அந்தப் பாட்டில் எத்தனை வரி இருந்திருக்கும்! தெய்வங்களை முதலில் சின்னமாகச் சுருக்கியவர்கள் அவர்கள். அவர்கள் சுருக்கியதை நான் இன்னொரு முறை சுருக்கி, அதற்கு நேர்மை என்று பெயரும் வைத்துவிட்டேன்.

கேள்வி கேட்டவர் மூளி என்று சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. மாயாரியின் கண்ணை அண்ணன் எடுத்தான். அது கதைக்குள் நடந்தது. மற்றத் தெய்வங்களின் முகத்தை எடுத்தவர்கள் கதைக்கு வெளியே இருந்து வந்தவர்கள். இந்த இரண்டு வெறுமையும் என் படங்களில் ஒரே மாதிரி, ஒரே கருநீலமாக இருக்கின்றன. அதுதான் தவறு.

ஆகவே ஒரு மாற்றம். தெய்வத்தின் இயல்பால் விட்ட இடம் கருநீலமாகவே இருக்கட்டும். பறிபோனதால் தெரியாமல் போன இடத்தில் படத்தைச் சுற்றிய சட்டத்தின் அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துவிடப் போகிறேன். பின்னால் இருக்கும் பக்கத்தின் நிறம் அதன் வழியே தெரியும். லாகாம்பினி படத்தில் சட்டத்தின் மேல்பாதி இருக்காது.

மார்ச் 11

இல்லை, மேல்பாதி முழுவதும் எடுத்தால் வடிவமைப்புத் தந்திரம் போலத் தெரிகிறது. வலது மேல் மூலை மட்டும்.

மார்ச் 23

ஒருவர் அனுப்பிய தனிச்செய்திக்குப் பொதுவில் பதில் சொல்கிறேன், அவரும் சம்மதித்திருக்கிறார்.

என் வரிசையில் திபோலி மக்களின் தினாலாக் நெசவுக் கட்டத்தைப் பின்னணியாக வைத்து ஒரு படம் இருந்தது. அது இப்போது இல்லை. மிந்தனாவோவில், செபு ஏரிப் பக்கத்தில் (செபு தீவு வேறு), அபாகா என்ற வாழை இனத்தின் நாரில் கறுப்பும் சிவப்பும் நாரின் வெண்மையுமாக நெய்யும் துணி அது. அபாகாவின் ஆவியான ஃபூ தாலு கனவில் வந்து கோலத்தைக் காட்டுவார், விழித்தெழுந்து நெய்வார்கள். 1998-இல் தேசிய வாழும் பொக்கிஷம் என்ற விருது பெற்ற லாங் துலாய் அப்படி நெய்தவர், 2015-இல் காலமானார். அந்தத் துணியை மிதிக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். நான் அதைச் சுட்டி படும் இடமாக வைத்திருந்தேன். தெரியாமல் செய்தேன் என்பது சமாதானம் ஆகாது.

1997-ஆம் ஆண்டின் 8371-ஆம் எண் சட்டம் அந்த நாட்டுப் பழங்குடிகளின் பண்பாட்டு உரிமையையும் அறிவு உரிமையையும் காக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் விஷயம் தெளிவு. பிளாசென்சியாவின் பட்டியலில் இருக்கும் தெய்வங்களுக்கு இன்று கேட்டு அனுமதி வாங்கப் பூசாரி இல்லை. ஃபூ தாலுவுக்கு நெசவாளர்கள் இருக்கிறார்கள், புலுலுக்குக் களஞ்சியங்கள் இருக்கின்றன. "முற்காலத் தெய்வம்" என்று ஒரே தலைப்பில் இரண்டையும் போட்டபோது, உயிரோடு இருக்கிற ஒருவருக்கு நினைவு மண்டபம் கட்டியிருக்கிறேன். ஏழு வடிவப் புலுலையும் எடுத்துவிட்டேன். பிப்ரவரியில் பிடிபடவில்லை என்று எழுதியதற்கு இதுவே பதிலாக அமைந்துவிட்டது.

ஏப்ரல் 5

பாக்குனாவா பற்றிச் சுருக்கமாக. விசாயக் கடலில் வாழும் பெரும்பாம்பு. நிலவை விழுங்கும், கிரகணம் அதனால். மக்கள் பானையையும் தட்டையும் தட்டிச் சத்தம் எழுப்பினால் கக்கிவிடும். இதற்கு அசைவு வைத்தேன். திரையில் வெள்ளை வட்டம் மெல்ல இருட்டுக்குள் போகும். பார்க்கிறவர் விரலால் திரையைத் தட்டித் தட்டித்தான் மீட்க வேண்டும், தட்டாவிட்டால் வராது. புலுலின் தோலைப் பார்த்தபோது தொடங்கிய ஏக்கத்துக்கு இதில் கொஞ்சம் வழி கிடைத்தது. படத்தை முடிப்பவர் நான் இல்லை. தோழியின் அக்காள் மகன், ஆறு வயது, சமையலறையிலிருந்து கரண்டியும் தட்டும் எடுத்துவந்துவிட்டானாம். ஒலிவாங்கி வழியாக அந்தச் சத்தத்தையும் ஏற்கும்படி மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 12

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். பெயரை மறைத்துவிட்டால் யாராலும் சொல்ல முடியாது என்றீர்கள். சோதித்துப் பார்த்தேன்.

அடிபட்ட பிறையைப் பெயரில்லாமல் ஐந்து பேரிடம் காட்டினேன். ஒருவர் கடித்த பிஸ்கட் என்றார். இன்னொருவர் உடைந்த தட்டின் ஓரம் என்றார். இரண்டு பேர் நிலவு என்றார்கள், வெட்டைக் கவனிக்கவில்லை. ஐந்தாவது, தோழியின் அம்மா. பம்பாங்காவில் வீட்டு வாசலில் உட்கார்ந்து மகளின் கைபேசியில் பார்த்திருக்கிறார். படத்தை விரலால் பெரிதாக்கி, வெட்டு இருக்கும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யார் அடித்தது?" என்று கேட்டாராம்.

ஐந்தில் ஒன்று. உங்கள் பக்கம் நான்கு இருக்கிறது. வெட்டின் சிராய்ந்த பக்கத்தை இன்னும் இரண்டு புள்ளி ஆழமாக்கிப் பார்க்கிறேன். புதிய கோப்பை இந்த வாரக் கடைசியில் இங்கேயே போடுகிறேன்.